முட்டுக்கட்டை போடுகிறவர்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



போன மாதம் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "எஸ்கலேட்டர், லிஃப்ட்னு ஏதோ வேலை பாக்கறியாமே, அதைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசு" என்றார். சரி என்றேன். போனை வைப்பதற்கு முன், "ஆனா யாரையும் பயமுறுத்தாதே" என்றும் சொன்னார். முதலாவதற்கு நான் பொறுப்பு. இரண்டாவதற்கு உத்தரவாதம் தர முடியாது.

நான் சாத்தாங்காட்டுக்காரன். இரும்பு மார்க்கெட்டில் ட்ரெய்லர் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தில் கண் விழித்து, அதே சத்தத்தில் தூங்கி வளர்ந்தவன். எங்கள் பக்கத்துக்கு மெட்ரோ ரயில் வந்தது 2021 பிப்ரவரி 14ஆம் தேதி. வண்ணாரப்பேட்டையோடு நின்றுகொண்டிருந்த ரயில் அன்றுதான் விம்கோ நகர் வரை நீண்டது. தண்டையார்பேட்டை வரை பூமிக்கு அடியில் வருகிற வண்டி, அதற்கப்புறம் மேலே ஏறிப் பாலத்தின் மேல் ஓடுகிறது. அதனால் டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று எந்த நிலையத்துக்கும் ஏறித்தான் போக வேண்டும். எங்கள் பகுதியில் பல பெண்கள் வாழ்க்கையில் முதல் தடவையாக எஸ்கலேட்டர் முன்னால் நின்றது அப்போதுதான்.

அந்த வாரத்தில் எங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வருஷம் மீன் கூடை தூக்கியவர். அலைக்குப் பயப்படாதவர், லாரிக்குப் பயப்படாதவர். எஸ்கலேட்டர் முன்னால் போய் நின்றார். ஒரு படி வந்தது, போயிற்று. இன்னொரு படி வந்தது, போயிற்று. பத்துப் பதினைந்து படிகள் இப்படிப் போன பிறகு திரும்பி, "இன்னாத்துக்குடா ராஜா இந்த ஓட்ற படி? எனக்குத்தான் ரெண்டு கால் இருக்குதே!" என்றார். பின்னால் நின்ற இரண்டு கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அத்தைக்கு மட்டுமா இந்தப் பயம்? லண்டனில் ஹாரட்ஸ் என்ற பெரிய கடையில் 1898இல் இப்படியொரு நகரும் படியை முதலில் வைத்தபோது, மேலே வந்து சேர்ந்த சீமான்கள் சீமாட்டிகளுக்குப் படபடப்புத் தணிய பிராந்தி கொடுத்தார்களாம். என் அத்தைக்கு நான் ஒரு பன்னீர் சோடாதான் வாங்கிக் கொடுத்தேன்.

அத்தை பயந்தது சரி. ஆனால் பயந்த இடம் தப்பு. ஓடுகிற படியைப் பார்த்துப் பயந்தார். அந்த இயந்திரத்தில் மிகவும் சாதுவான பாகம் அதுதான். நொடிக்கு ஏறக்குறைய அரை மீட்டர் வேகம், நாம் மெதுவாக நடக்கிற நடை. ஆபத்து இருக்கிற இடங்கள் வேறு.

ஒவ்வொரு படியும் நான்கு சக்கரம் வைத்த ஒரு சின்னத் தள்ளுவண்டி. இப்படிப் பல வண்டிகளை இரண்டு பக்கமும் சங்கிலியில் கோத்து, மாலை மாதிரி சுற்றவிடுகிறோம். முன் சக்கரத்துக்கு ஒரு தண்டவாளம், பின் சக்கரத்துக்கு ஒரு தண்டவாளம். இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தால்தான் அது ஒரு இடத்தில் படியாகவும், ஏறுகிற இறங்குகிற இடத்தில் சமதரையாகவும் ஆகிறது. மேலே போன படி தரைக்கு அடியில் புகுந்து, தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கீழே வருகிறது. அது தரைக்கு அடியில் புகுகிற வாய்தான் முதல் ஆபத்து. அங்கே ஒரு சீப்பு இருக்கிறது. படியில் நீளவாக்கில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும், அந்தப் பள்ளங்களுக்குள் சீப்பின் பற்கள் உட்கார்ந்திருக்கும். தரையில் கிடக்கும் ஊக்கு, பாசிமணி, கால் விரல் எல்லாவற்றையும் வழித்து மேலே தள்ளிவிடுவது அதன் வேலை. அதில் ஒரு பல் உடைந்தால்கூட அங்கே ஒரு சந்து உண்டாகிவிடும்.

இரண்டாவது ஆபத்து பக்கவாட்டில். படி நகர்கிறது, பக்கத்துத் தகடு நகரவில்லை. இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தே தீர வேண்டும். ஒரு பக்கம் 4 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பக்கமும் கூட்டினால் 7ஐத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பியத் தரம். 4 மில்லிமீட்டர் என்பது பெரிய விஷயமா என்று கேட்கலாம். சேலை முந்தானைக்கு அது ராஜபாட்டை. பக்கத்தில் நீளமாக ஒரு கறுப்பு பிரஷ் வைத்திருக்கிறதே, அது ஷூ துடைப்பதற்கு என்று நம் பையன்கள் காலை வைத்துத் தேய்க்கிறார்கள். "தள்ளி நில்" என்று காலுக்குச் சொல்லத்தான் அதை வைத்தார்கள். ரப்பர் மாதிரி மெத்தென்ற செருப்பு இன்னும் மோசம். சுவரோடு உராய்ந்தால் வழுக்காது, பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். 2008இல் ஜப்பானில் இப்படிக் குழந்தைகளின் கால் சிக்கிய புகார்கள் வரிசையாக வந்து, செருப்பின் வடிவத்தை மாற்றும்படி அரசாங்கமே தயாரிப்பாளரைக் கேட்டுக்கொண்டது.

மூன்றாவதை யாரும் யோசிப்பதே இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் உலோகத் தகடு பதித்த தரையில் நிற்கிறோம் அல்லவா? அது தரை இல்லை, மூடி. அடியில் ஒரு பள்ளம். அதில் மோட்டாரும் சங்கிலியும் பற்சக்கரமும் இருக்கின்றன. நாம் நிற்பது கிணற்று மூடியின் மேல்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நான் தினமும் எஸ்கலேட்டரில்தான் போகிறேன். ஏன் என்றால், இதைச் செய்தவர்களும் இதெல்லாம் தெரிந்துதான் செய்தார்கள். சீப்பில் ஏதாவது சிக்கி அந்தத் தட்டு கொஞ்சம் நகர்ந்தால் அதற்கு ஒரு சுவிட்ச். பக்கத் தகடு அழுந்தினால் ஒரு சுவிட்ச். சங்கிலி தளர்ந்தால், படி ஒன்று தொங்கினால், கைப்பிடிப் பட்டை உள்ளே போகும் வாயில் குழந்தை கையை விட்டால், வேகம் கூடினால், திசை மாறினால், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கோத்திருக்கிறார்கள். பழைய சீரியல் செட் மாதிரி. ஒரு பல்பு போனால் எல்லாம் அணையும். சரத்தில் எங்கே ஒரு சுவிட்ச் திறந்தாலும் கரண்ட் அறுந்து, பிரேக் விழும். பிரேக்கைக் கரண்ட் பிடித்து நிறுத்துவதாக நினைக்காதீர்கள். ஸ்பிரிங்தான் பிடிக்கிறது. கரண்ட் அந்தப் பிரேக்கைத் தூக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் கரண்ட் போனாலும் நிற்கும், ஒயர் அறுந்தாலும் நிற்கும். ஏதாவது சந்தேகம் என்றால் நின்றுவிடு என்பதுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாடம்.

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க்காரர்களுக்கு வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. மெட்ரோவில் 2022 மார்ச்சில் திறந்த நிலையத்துக்குப் பெயரே திருவொற்றியூர் தேரடி. மாசியில் தேர் ஓடும்போது வடம் பிடிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். எல்லார் கண்ணும் வடத்தின் மேல், சாமியின் மேல். சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டே ஓடுகிறவர்கள் நாலைந்து பேர் உண்டு. கையில் முட்டுக்கட்டை. தேர் திரும்ப வேண்டுமென்றாலும் நிற்க வேண்டுமென்றாலும் அந்தக் கட்டை சக்கரத்துக்கு அடியில் விழ வேண்டும். அவ்வளவு பேர் இழுக்கிற வேகத்துக்கு எதிராக, சரியான நொடியில், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போடுகிறார்கள். நம் பாஷையில் மட்டும் "முட்டுக்கட்டை போடறான்" என்றால் திட்டு. ஆபீசில், வீட்டில், அரசியலில், காரியம் நடக்கவிடாமல் கெடுக்கிறவனுக்குப் பெயர் அது. தேருக்குப் பக்கத்தில் ஒருநாள் நின்று பார்த்தவன் அந்த வார்த்தையை அப்படிச் சொல்ல மாட்டான்.

என் அப்பா சாத்தாங்காட்டில் ஒரு இரும்பு ஷெட்டில் கிரேன் ஆபரேட்டர். மேலே ஓடுகிற கிரேன். கொக்கி ரொம்ப மேலே போனால் டிரம்மில் மோதி, ரோப் அறுந்து, சரக்கு கீழே விழும். அது நடக்காமலிருக்க மேலே ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கும். கொக்கி அதைத் தொட்டால் மோட்டார் நின்றுவிடும். நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். ஒருநாள் அந்த சுவிட்சின் கையைச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருப்பதைப் பார்த்து ஏனென்று கேட்டேன். "அது சும்மா சும்மா நிக்குதுடா, லோடு இறங்க லேட் ஆவுது, அதான் கட்டி வெச்சிருக்காங்கோ" என்றார். தப்பு என்று அவருக்கும் தெரியும். கட்டியது அவர் இல்லை, அவிழ்க்கவும் இல்லை. சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தக் கொக்கி அறுந்து விழுந்தது. டீ குடிக்கிற நேரம், கீழே யாரும் இல்லை. சிமெண்ட் தரையில் விழுந்த பள்ளத்தை மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் கயிற்றை அவரே அவிழ்த்தார். அப்புறம் யார் சொன்னாலும் கட்டவிடவில்லை, இரண்டு முறை அதற்காக வேலையே போகப் பார்த்தது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நான் இந்தக் கல்லூரிக்கு மின்னியல் படிக்க வந்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

சணல் கயிறு நம் ஊர் பழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். தொழிலுக்கு வந்த பிறகுதான் உலகம் முழுக்க அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. மாஸ்கோ மெட்ரோவில் அவியமோட்டர்னயா என்ற நிலையத்தில் 1982 பிப்ரவரி 17, சாயங்கால நெரிசலில் கீழே இறங்குகிற எஸ்கலேட்டர் பிடிப்பு விட்டு வேகமெடுத்தது. பிரேக் பிடிக்கவில்லை. கீழே விழுந்தவர்கள் மேல் மேலும் மேலும் ஆட்கள் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். சில மாதங்களுக்கு முன் புது மாதிரி பிரேக் மாட்டி, அதற்குரிய முறைப்படி சரிசெய்யாமல் விட்டிருந்தார்கள். லண்டன் கிங்ஸ் கிராஸில் 1987 நவம்பர் 18, மர எஸ்கலேட்டரில் யாரோ போட்ட எரிகிற தீக்குச்சி இடுக்கு வழியாக உள்ளே விழுந்தது. உள்ளே வருஷக்கணக்கான கிரீஸும் தூசியும் துணிப்பிசிறும். 31 பேர் இறந்தார்கள். விசாரணையில் எனக்கு மறக்காத ஒரு விஷயம், அங்கே அதற்கு முன்னாலும் சின்னச் சின்னத் தீ அடிக்கடி வந்திருக்கிறது. அதைத் தீ என்று சொல்லாமல், 'புகைச்சல்' என்று அர்த்தம் வரும் ஒரு வார்த்தையால் குறிப்பிட்டே பழகியிருந்தார்கள். பெயரை மாற்றினால் பயம் போய்விடும் அல்லவா! ரோம் நகரில் 2018 அக்டோபர் 23 அன்று கால்பந்து பார்க்க வந்த கூட்டத்தோடு எஸ்கலேட்டர் தறிகெட்டு ஓடி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். அடிக்கடி நிற்கிறது என்பதற்காக அவசரப் பிரேக்கில் கைவைத்திருந்ததாகப் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவர்கள் மேல் குற்றச்சாட்டு எழுந்தது. சணல் கயிறு!

ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது சீனாவில் ஜிங்ஜோ என்ற ஊரில் நடந்தது. 2015 ஜூலை 26. ஒரு பெரிய கடை. ஒரு இளம் தாய், சின்னப் பையனோடு எஸ்கலேட்டரில் மேலே வருகிறார். மேலே வந்து, நான் சொன்னேனே அந்த மூடி, அதில் கால் வைத்ததும் மூடி பிளந்துகொண்டது. விழுகிற அந்த நொடியில் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டார். பிள்ளை பிழைத்தது. அவர் உள்ளே போய்விட்டார். கடையின் கேமரா பதிவை உலகமே பார்த்தது. நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், தொழில் காரணமாக. என் கண் போவது அந்தத் தாயிடம் இல்லை. பக்கத்தில் கடை ஊழியர்கள் நிற்கிறார்கள். மூடி ஆடுவதை அவர்கள் ஐந்து நிமிடம் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். வருகிறவர்களுக்கு எச்சரிக்கை சொல்லத்தான் அங்கே நிற்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் சிவப்புப் பொத்தான். ஒருவருக்கும் அதை அழுத்தத் தோன்றவில்லை. அவர்கள் கெட்டவர்களா? இல்லை. ஓடுகிற ஒன்றை நிறுத்துவது தன் வேலையில்லை என்று நினைத்த சாதாரண மனிதர்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்பதை இப்போது சொல்கிறேன். இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. செயலாளர் அண்ணனுக்கே இப்போதுதான் தெரியும்.

2012 தீபாவளி. நான் இங்கிருந்து போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பராமரிப்பு கான்ட்ராக்ட் எடுத்து நடத்தும் ஒரு நிறுவனத்தில் சைட் இன்ஜினியர். நகரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை, நான்கு மாடி. தரைத்தளத்திலிருந்து மேலே போகும் எஸ்கலேட்டர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நின்றது. மேல்பக்கச் சீப்பில் மூன்று பற்கள் உடைந்திருந்தன. தீபாவளிக் கூட்டத்தில் ஊக்கும் ஜரிகையும் கல்லும் வந்து மாட்ட, தட்டு நகர, சுவிட்ச் திறக்க, மெஷின் நிற்க. சரிசெய்ய வேண்டுமானால் அரை நாள் மூட வேண்டும். சீப்பு ஸ்பேர் கையில் இல்லை, வர நான்கு நாள் ஆகும். கடை மேலாளர் பாவம், அவருக்கு அவர் கஷ்டம். "இன்ஜினியர் சார், தீபாவளி முடியட்டும் சார், அப்புறம் ஒரு வாரம்னாலும் மூடிக்கோங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். என் சீனியருக்குப் போன் செய்தேன். "அந்த ஒரு சுவிட்சுக்கு மட்டும் லூப் போட்டுடு தம்பி, மத்ததெல்லாம் இருக்குல்ல" என்றார்.

லூப் என்றால், சுவிட்சின் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. சுவிட்ச் திறந்தாலும் சரத்துக்குத் தெரியாது. முழநீள ஒயர், இரண்டு ஸ்குரூ, இரண்டு நிமிட வேலை. போட்டேன். எஸ்கலேட்டர் மூன்று நாள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மேலாளர் எனக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் சாயங்காலம். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தவர். மேலே இறங்குகிற இடத்தில், உடைந்த பற்களின் சந்தில் அவர் சேலைக் கரை போயிற்று. சேலையோடு கால். மெஷின் நிற்கவில்லை. பில் போடுகிற ஒரு பெண், பத்தொன்பது இருபது வயசு இருக்கும், கவுண்டரைத் தாண்டிக் குதித்து ஓடி வந்து சிவப்புப் பொத்தானைத் தட்டினாள். அதற்குள் அந்த அம்மாவுக்கு வலது காலில் இரண்டு விரல் போய்விட்டது.

சுவிட்ச் வேலை செய்திருந்தால் விரல் தப்பித்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. நிற்பதற்கே கொஞ்ச தூரம் பிடிக்கும். பல வருஷம் இந்தக் கணக்கைத்தான் எனக்கு நானே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், இத்தனை சென்டிமீட்டர், இத்தனை நொடி என்று. கணக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒயரைப் போட்டது நான்தான். அது மட்டுமில்லை. ராத்திரியே போன் வந்தது. "காலைல பாக்க வருவாங்க, அதுக்குள்ள அதை எடுத்துடு." போய்க் கழற்றினேன். கழற்றியதும் நான்தான். அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "சேலை சிக்கியது. பயணியின் கவனக்குறைவு."

அந்த அம்மாவை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கடை ஆள் என்று நினைத்து, "உங்க மேல தப்பு இல்ல தம்பி, நான்தான் சேலையைத் தூக்கிப் பிடிச்சிருக்கணும்" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் பழம் வைத்துவிட்டு வந்தேன். அப்பா அப்போது உயிரோடு இருந்தார். அவரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து அந்த வேலையை விட்டேன். விட்டது பெரிய தியாகமில்லை, வேறு வேலை கிடைத்தது, விட்டேன்.

அதிலிருந்து "பயணியின் கவனக்குறைவு" என்ற வாக்கியத்தை எங்கே படித்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். மக்கள் கவனக்குறைவாக இருக்க மாட்டார்கள் என்று சொல்லவில்லை. இருப்பார்கள். சேலை கட்டுவார்கள், குழந்தை கூட்டி வருவார்கள், போனைப் பார்ப்பார்கள், ஊக்கைக் கீழே போடுவார்கள். அவர்கள் அப்படி இருப்பார்கள் என்று தெரிந்துதானே அத்தனை சுவிட்ச் வைத்தோம்?

ரயில் கதவுக்கும் இதே கதைதான். மெட்ரோவில் எல்லாக் கதவும் மூடினால்தான் வண்டி கிளம்பும், அதுவும் ஒரு சரம்தான். ஆனால் அந்தச் சரத்தின் கண்ணுக்குக் கெட்டியான பொருள்தான் தெரியும், மெல்லிய துணி தெரியாது. 2019 ஜூலை 13 அன்று கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் ஒரு முதியவரின் கை கதவில் மாட்டியபடியே வண்டி கிளம்பிவிட்டது. 2023 டிசம்பரில் டெல்லி இந்தர்லோக் நிலையத்தில் ஒரு பெண்ணின் உடை கதவில் சிக்கி இழுத்துக்கொண்டு போனது. இருவருமே பிழைக்கவில்லை. அக்காமார்கள் தயவுசெய்து கதவு மூடும் ஒலி கேட்டால் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள். நம் கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலைப் பற்றி நான் பேசவே போவதில்லை. நாம் எல்லோரும் அதில் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டு வந்துதான் டிகிரி வாங்கினோம். 2018 ஜூலையில் பரங்கிமலையில் தடம் மாற்றிவிட்ட வண்டியில் தொங்கியவர்கள் சுவரில் மோதி இறந்த செய்தியைப் படித்தபோது, அந்த இடத்தில் என் முகத்தைத்தான் பார்த்தேன்.

இந்நாள் மாணவர்களிடம் ஒரு விஷயம். உங்களில் பலர் அடுத்த வருஷம் டிரெய்னியாகப் போவீர்கள். எந்த நிறுவனமானாலும் முதல் ஆறு மாதத்துக்குள் யாராவது உங்களிடம் ஒரு லூப் போடச் சொல்வார்கள். கெட்டவனாக வந்து கேட்க மாட்டார்கள். நல்லவராக, அனுபவசாலியாக, தோளில் கை போட்டு, "தம்பி" என்று கூப்பிட்டுக் கேட்பார்கள். அப்போது நீதி பேசி ஜெயிக்க முடியாது. எனக்கு உபயோகப்பட்ட வழி ஒன்றுதான். "சரி சார், லாக் புக்ல எழுதி நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க, போட்டுடறேன்" என்று சொல்லிப் பாருங்கள். இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் என்னிடம் கேட்டவர்களில் ஒருவர்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை. கோபப்படுவார்கள். எனக்கு ஒரு இன்க்ரிமென்ட் போயிருக்கிறது. இன்னொரு தடவை, நின்ற எஸ்கலேட்டருக்கு முன்னால் நான் தடுப்பு வைத்துக்கொண்டு நிற்க, ஒரு பெரியவர் என்னை அப்பன் பாட்டன் வரை திட்டிவிட்டு, தடுப்பைத் தாண்டி அதையே படியாக நினைத்து ஏறப் பார்த்தார். நின்ற எஸ்கலேட்டர் படிக்கட்டு இல்லை. வீட்டுப் படி ஆறு ஏழு அங்குலம் என்றால் இது எட்டு அங்குலம், ஆரம்பத்திலும் முடிவிலும் படிக்குப் படி உயரம் மாறும், கால் ஏமாந்துவிடும். அவரைக் கையைப் பிடித்து லிஃப்டுக்குக் கூட்டிப் போனேன். லிஃப்டிலும் திட்டிக்கொண்டே வந்தார்.

மற்றவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. சேலையை, வேட்டியை, துப்பட்டாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, படிக்கு நடுவில் நில்லுங்கள். பிள்ளையை மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, உங்களுக்கு முன்னால் நிறுத்துங்கள். இறங்கும்போது காலை இழுக்காமல் தூக்கி வையுங்கள். தகடு ஆடினால், வழக்கமில்லாத சத்தம் கேட்டால், ஏறாதீர்கள், யாரையாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள். சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அடுத்த தடவை ஏறுவதற்கு முன்னால் பாருங்கள். கீழேயும் மேலேயும் கைப்பிடி முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். யாராவது விழுந்தால், சிக்கினால், "எல்லாம் கெட்டியா பிடிச்சுக்கோங்க" என்று ஒரு கத்து கத்திவிட்டு அழுத்துங்கள். கத்தாமல் அழுத்தினால் நிற்கிற மற்றவர்கள் விழுவார்கள். அழுத்தினால் அபராதமா என்று கேட்கிறார்கள். விளையாட்டுக்கு அழுத்தினால் திட்டு விழும், விழட்டும். ஒரு உயிருக்காக அழுத்தியவரை யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அந்த ஜவுளிக்கடையில் கவுண்டரைத் தாண்டிக் குதித்த பெண்ணுக்கு எஸ்கலேட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. பொத்தான் இருக்கும் இடம் மட்டும் தெரிந்திருந்தது.

அத்தை இப்போதும் எஸ்கலேட்டரில் ஏறுவதில்லை. லிஃப்டில் போகிறார். அதைக் "கூண்டு" என்கிறார், அதில் உட்கார ஒரு ஸ்டூல் போட்டால் நன்றாயிருக்கும் என்று என்னிடம் புகார் வைத்திருக்கிறார்.

லிஃப்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. லிஃப்டுக்கென்று தமிழ்நாட்டில் 1997இலேயே சட்டம் வந்துவிட்டது. இன்று காலை ஒன்பது மணிக்கு இங்கே வந்ததும் பழைய பிளாக் லிஃப்டில் மேலே போனேன். நாங்கள் படித்த காலத்து அதே இழுப்புக் கதவு. ஆசையாக இருந்தது. மூன்றாவது மாடியில் கதவைச் சரியாக மூடாமலே அது கிளம்பியது. பார்த்தால், கேட் சுவிட்சில் ஒரு சிகரெட் அட்டையை நான்காக மடித்துச் செருகி வைத்திருக்கிறார்கள். யார் என்று நான் கேட்கவில்லை, ஒன்றுகூடல் நாளில் லிஃப்ட் அடிக்கடி நிற்கக் கூடாதே என்று நல்லெண்ணத்தில் செய்ததாகத்தான் இருக்கும். அட்டையை எடுத்து முதல்வர் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். அவர் உடனே மெயினை ஆஃப் செய்யச் சொல்லிவிட்டார். ஆகவே பழைய பிளாக் மூன்றாம் மாடியில் ஏற்பாடாகியிருக்கும் மதிய விருந்துக்கு எல்லோரும் படியேறித்தான் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள மூத்தவர்களுக்குக் கீழேயே ஒரு தனிப் பந்தி போடச் சொல்லியிருக்கிறேன். திட்டுகிறவர்கள் என்னைத் திட்டலாம், செயலாளர் அண்ணனைத் திட்ட வேண்டாம்.